ஆஃப்லோடை அணைத்தால் டேக் வருமா?

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் அலுவலகக் கணினிகள் ஒரு வீலேனிலும் கேமராக்கள் இன்னொன்றிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைக்குப் போகும் டிரங்க் இணைப்பில் லினக்ஸ் லேப்டாப்பைச் சொருகி டிசிபிடம்ப் ஓட்டினால், எந்த பாக்கெட்டிலும் வீலேன் டேக் இல்லை. எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: ஈத்டூலில் ஒரு வரி எழுதி நெட்வொர்க் கார்டின் வீலேன் ஆஃப்லோடை அணை.

மருந்துக்குப் பின்னுள்ள காரணம் பாதி சரி. அனுப்பியவரின் மேக் முகவரியை அடுத்து உட்காரும் 4 பைட் டேக்கை கார்டே உரித்து, எண்ணைத் தனியாகக் கெர்னலிடம் தருகிறது. லாட் சீட்டைக் கிழித்துவிட்டு எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் குடோன்காரரைப் போல. ஆனால் 2011-இல் வந்த லினக்ஸ் 3.0 முதல், கார்டு உரிக்காவிட்டால் கெர்னலே உரித்துவிடுகிறது. அணைத்தாலும் பிடிக்கும் நிரலுக்கு வந்து சேர்வது அதே டேக் இல்லாத பைட்டுகள்தான்.

எண் தொலைவதில்லை. டிசிபிடம்ப் பயன்படுத்தும் லிப்பிகேப் நூலகம் அதைத் துணைத்தகவலாகக் கெர்னலிடம் கேட்டு வாங்கி, பழைய இடத்திலேயே செருகித் தருகிறது. ரா சாக்கெட்டை நேராகத் திறந்து, அந்தத் துணைத்தகவலைக் கேட்காமல் எழுதிய நிரலில்தான் டேக் காணாமல் போகும். டிசிபிடம்ப்பில் இன்னும் சப்பையான காரணம் உண்டு: '-இ' கொடுக்காவிட்டால் டேக் இருந்தாலும் அது காட்டாது. பழைய லிப்பிகேப்பில் 'வீலேன் 20' என்று ஃபில்டர் போட்டால் வேறு வம்பு. ஃபில்டர் ஓடுவது கெர்னலுக்குள், உரித்த பைட்டுகள் மேல், ஒன்றும் பொருந்தாது. ஃபில்டர் இல்லாமல் பிடித்துவிட்டு வயர்ஷார்க்கில் சலிப்பதே மேல்.

ஆக, இன்றைய லினக்ஸில் ஆஃப்லோடை அணைப்பது பெரும்பாலும் வீண் வேலை. பழைய கெர்னலுக்கும், உரித்த எண்ணை ஒழுங்காகச் சொல்லாத டிரைவருக்கும் மட்டும் அது கேட்கும். அப்போதும் ஆலைக் கணக்கு ஓடும் சர்வரில் கை வைக்கக் கூடாது. சில டிரைவர்கள் இந்த மாற்றத்துக்கே இணைப்பை ஒருமுறை அறுத்துக் கோக்கும்.

விண்டோஸில் தீர்ப்பு மாறும். அங்கே பல டிரைவர்கள் உரித்த எண்ணை வயர்ஷார்க்கிடம் சொல்வதே இல்லை. இன்டெல் கார்டுகள் பலவற்றில் ரெஜிஸ்ட்ரியில் மானிட்டர் மோடு அமைப்பை மாற்றியாக வேண்டும்.

இரண்டுக்கும் முன்னால் ஸ்விட்சைப் பாருங்கள். டிரங்க் என்று நினைத்த போர்ட் ஆக்சஸ் போர்ட்டாக இருந்தால் டேக் கேபிளுக்கே வந்திருக்காது.