புள்ளி இடுபவர் யார்? – எழுதுகருவி பற்றிய தன்னுரைகள்: ஒரு திறனாய்வு

எழுத்தாளர் தாம் அன்றாடம் கையாளும் கருவிகளைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்புகளை நம் இலக்கிய ஆராய்ச்சி பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஓலை, எழுத்தாணி, தட்டச்சுப்பொறி, கணிப்பொறி, செல்பேசி ஆகியன பற்றிய செய்திகள் வாழ்க்கை வரலாற்றுக்கு உரியன. இலக்கியத்திற்குப் புறம்பானவை என்பது பொதுவான எண்ணம். அது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. இத்தகைய எழுத்தை மதிப்பிட ஓர் அளவுகோல் உண்டு. கருவி எழுதாமல் விட்டதை நிரப்பியவர் யார் என்னும் வினாவே அது. இவ்வினாவைக் கொண்டு உ. வே. சாமிநாதையரையும் சுஜாதாவையும் ஈண்டு நோக்குவோம்.

சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940-ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, அவர் மறைவுக்குப்பின் 1950-இல் நூலாயிற்று. அந்நூலில் ஓலையும் எழுத்தாணியும் தனிப்பொருளாகப் புகழப்படவில்லை. வேலைக்கு உரிய பொருள்களாகவே வருகின்றன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதிக்கொள்கின்றனர். பின்னர்ச் சீவகசிந்தாமணி ஏடுகள் தேடித் தொகுக்கப்பட்டு, 1887-இல் பதிப்பாகின்றன. கருவி பற்றிய வியப்புரை ஒன்றும் இன்றி, கருவியால் நேர்ந்த உழைப்பு முழுவதும் நம் கண்முன் நிற்கின்றது. அந்நடையின் சிறப்பு இதுவே.

அவ்வுழைப்பின் தன்மையை அறிய ஓலையின் இயல்பை அறிதல் வேண்டும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஏட்டில் ஒன்றே. 'பாவை' என்பதும் 'பரவை' என்பதும் ஒன்றே. பெண்ணா, கடலா என்பதை ஓலை சொல்லாது. யாப்பும் இலக்கணமும் பொருளும் அறிந்து படிப்பவரே சொல்லுதல் வேண்டும். அங்ஙனமாயின் ஓலையில் புள்ளி இட்டவர் எழுதியவர் அல்லர், படித்தவரே என்க. தமக்குத் தெரியாத சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டுத் தெளிந்ததாகச் சாமிநாதையர் கூறுவதும் இவ்வகையில் கருதற்பாலது. ஏடு தராததை உயிருள்ள மரபு தந்தது.

எனினும் ஒரு குறையும் உண்டு. ஏடு எங்கே கிடைத்தது, யார் தந்தார், யார் தர மறுத்தார் என்பனவற்றை விரித்துரைக்கும் தன்வரலாறு, இரு பாடங்களுள் ஒன்றை எவ்வாறு துணிந்தார் என்பதை அத்துணை விரித்துரைக்கவில்லை. அதனை அறிய விரும்புவார் அவர்தம் பதிப்புகளின் பிரதிபேதக் குறிப்புகளையே நாடுதல் வேண்டும்.

சுஜாதா இதற்கு நேர்மாறானவர். எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயரினராகிய அவர் (1935–2008) பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராகப் பணியாற்றியவர். 'கணையாழியின் கடைசிப் பக்கங்கள்', 'கற்றதும் பெற்றதும்' ஆகிய பத்திகளில் நூல், நண்பர், பயணம், கருவி ஆகிய அனைத்தும் கலந்து வரும். அவர் எழுத்தில் கருவி தானே பொருளாகின்றது. குறுகிய வாக்கியமும், எள்ளலும், வீட்டு உவமையும் கொண்டு, கணிப்பொறியைக் கண்டிராத வாசகரையும் அதனருகே அமர்த்திய பெருமை அவருக்கு உரியது. ஆயினும் அவர் பத்திகளில் ஓங்கி நிற்பது கருவி யாது செய்யும் என்பதே. எழுதப்படும் சொல்லைக் கருவி யாது செய்யும் என்பது அத்துணை ஓங்கவில்லை. பொதுவாசகர்க்கு எழுதியவரிடம் இதனைக் குற்றமாகக் கூறுதல் முறையன்று. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்தல் தமிழ்த்துறைகளின் கடன்.

தொடர்வதற்குத் தக்க சான்று நம் கையிலேயே உள்ளது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில் ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இனவல்லினத்தை அழுத்தினும் அவ்வாறே. 'அம்மா', 'பந்து' ஆகிய சொற்களுக்குப் புள்ளியைத் தனியே இட வேண்டுவதில்லை. உடனிலை மெய்ம்மயக்கமும் இனவெழுத்து நட்பும் பற்றிய இலக்கண அறிவு விசைக்குள் புகுந்துவிட்டது. ஆனால் 'மமதை' என எழுத விரும்புவோர் முதல் மகரத்தை அடுத்து அகர விசையையும் அழுத்துதல் வேண்டும். இன்றேல் முதல் மகரம் புள்ளி பெற்றுவிடும். ஓலையில் படிப்பவர் இட்ட புள்ளியை இங்கே பொறி இடுகின்றது. பொறி வழுவுமிடத்து எழுதுபவர் விழித்திருத்தல் வேண்டும்.

செல்பேசியில் நிலைமை இன்னும் நுட்பமானது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டே முதுகலை பயிலும் மாணவர் ஒருவர், தம் ஆய்வேட்டின் பெரும்பகுதியை நிறுவனப் பேருந்தில் அமர்ந்து செல்பேசியிலேயே எழுதியிருந்தார். புறத்திணை பற்றிய அவ்வேட்டில் 'வெட்சி வீரர்' என இருக்க வேண்டிய இடமெல்லாம் 'வெற்றி வீரர்' என்றும், 'கொளு' என்பது 'கொழு' என்றும் இருந்தன. திணை அறியாதவர் என்றே முதலில் கருதினேன். நேரிற் கேட்டபோது வெட்சியின் துறைகளைப் பிழையின்றிச் சொன்னார். சொல்லின் தொடக்கத்தை இட்டவுடன், வழக்கில் மிகுந்த சொல்லைச் செல்பேசி முன்வைத்தது. பேருந்தின் குலுக்கத்தில் அவர் விரல் அதனைத் தொட்டது. மதிப்பெண் பட்டியலில் அறியாமை எனப் பதிவாக இருந்தது உண்மையில் கருவியின் செயல்.

இது முற்றும் புதிய பிழையும் அன்று. தமக்குத் தெரியாத அருஞ்சொல்லைத் தெரிந்த எளிய சொல்லாக மாற்றி எழுதிய ஏடெழுதுவோரைப் பதிப்பாசிரியர் நன்கு அறிவர். செல்பேசி அவர்தம் வழித்தோன்றல். கைப்பிழை பலவும் பொருளற்ற சொல்லாய் நின்று தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். இப்பிழையோ பொருளுள்ள சொல்லாய் நின்று மறைந்துகொள்ளும். ஏடெழுதியவர் ஒரு படியில் செய்த மாற்றத்தை மற்றொரு படி காட்டிக்கொடுத்தது. ஒரே பழக்கமுடைய பல செல்பேசிகள் ஒரே மாற்றத்தைச் செய்யுமாயின் ஒப்பிடுதற்கு வேறு படி இராது. அருகி வழங்கும் சொற்களே முதலில் மறையும். சங்கச் சொற்களில் மிகப்பல அவ்வகையின.

ஆகலின் இரண்டு செய்யத்தக்கன. ஆய்வேட்டை மதிப்பிடுவோர், பிழை கண்டவிடத்து அது மாணவரதா கருவியதா என வினவித் தெளிந்த பின்னரே மதிப்பெண் குறைத்தல் வேண்டும். மாணவரும் சுவடிப்பாடத்தில் பயிலும் பாடவேறுபாட்டு முறையைத் தாம் எழுதியதன்மேலும் செலுத்திப் பார்த்தல் வேண்டும். ஓலை புள்ளியின்றி நின்று படிப்பவரின் அறிவை வேண்டிற்று. இன்றைய கருவி கேளாமலே புள்ளி இட்டுச் சொல்லும் தருகின்றது. அதனை ஏற்பதா மறுப்பதா என்று துணியும் பொறுப்பு எழுதுபவரிடமே உள்ளது.