அடுத்த கம்பெனிக்குப் போகாதே என்னும் கையெழுத்து

வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுகளுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று பணி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது பல நிறுவனங்களின் வழக்கம். மாங்காட்டில் குடியிருந்து அம்பத்தூருக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ ஷிப்டுக்குப் போகும் டூல் ரூம் ஃபிட்டர் ஒருவருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அவருக்குத் தெரிந்தது டை செய்யும் வேலை. அந்த வேலையைத் தரக்கூடிய இடமெல்லாம் பழைய முதலாளிக்குப் போட்டிதான். தடைக்குக் கட்டுப்பட்டால் அவர் ஊரை விட வேண்டும், இல்லையேல் தொழிலை விட வேண்டும்.

சட்டம் இதை ஏற்கவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, முறையான தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வியாபாரத்தை நற்பெயரோடு சேர்த்து விற்றவர் விஷயத்தில் மட்டும் விலக்கு உண்டு. தடை நியாயமான அளவில் இருந்தால் செல்லும் என்பது இங்கிலாந்தின் வழி. அந்த வழியைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1874-இலேயே இங்கே அடைத்துவிட்டது. நியாயமான தடைகளை அனுமதிக்கலாம் என்று சட்ட ஆணையம் 1958-இல் பரிந்துரைத்தும் பிரிவு மாறவில்லை.

முதலாளி தரப்பின் வலுவான வாதம், அந்தத் தரப்பு 1967-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற கோலிகாரி வழக்கில் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்திடம் ரகசியக் காப்பு நிபந்தனையோடு டயர் நூல் நுட்பத்தைப் பெற்ற ஆலை, தான் பயிற்சி தந்த ஊழியர் ஐந்தாண்டு ஒப்பந்தம் முடியும் முன்பே போட்டி ஆலைக்குப் போனதைத் தடுத்தது. ஆனால் அந்தத் தடை ஒப்பந்தக் காலத்துக்குள் அடங்கியது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடைக்கு 1980-இல் கிரிஷன் முர்காய் வழக்கிலும், 2006-இல் ஜாகீர் கான் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இடம் தரவில்லை. இந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது. வரைபடமும் வாடிக்கையாளர் பட்டியலும் நிறுவனத்தின் சொத்து. கைத்திறன் தொழிலாளியின் சொத்து.

தடை இல்லாவிட்டால் எந்த நிறுவனமும் பயிற்சிக்குச் செலவிடாது என்பார்கள். கலிபோர்னியாவும் 1872-இலேயே இத்தகைய தடைகளைச் செல்லாதவையாக்கியது. சிலிக்கான் பள்ளத்தாக்கு வளர்ந்தது அங்கேதான். அந்த வளர்ச்சிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் தடையில்லாத இடத்தில் தொழில் தழைக்காது என்ற வாதம் அங்கே பொய்த்துவிட்டது.

நம் சட்டத்தின் குறை வேறு. செல்லாத நிபந்தனையை எழுதியதற்குத் தண்டனை இல்லை. அதனால் நிறுவனம் எழுதிக்கொண்டே இருக்கிறது. வழக்குப் போட்டால் தோற்கும் என்று அதற்குத் தெரியும், தொழிலாளிக்குத் தெரியாது. ரிலீவிங் லெட்டரைப் பிடித்து வைத்தாலே போதும், பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

ஊழியரைப் பிடித்து வைக்க இன்னொரு வாசல் பாண்டு, அதாவது குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாக எழுதித் தரும் உறுதி. மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றது. பொதுத்துறை வங்கி வெளிப்படையான தேர்வு நடத்தித்தான் ஆள் எடுக்க முடியும், அதற்குச் செலவாகும், அதிகாரியின் சம்பளத்தோடு பார்த்தால் தொகை அதிகமில்லை என்பவை அதன் காரணங்கள். இரண்டே நாள் மெஷினைக் காட்டிவிட்டு லட்சக்கணக்கில் பாண்டு எழுதி வாங்கும் பட்டறை இந்தத் தீர்ப்பில் ஒதுங்க முடியாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

ஆகவே, வேலை முடிந்தபின் நீளும் தடை அநியாயம், தேவையற்றதும்கூட. ரகசியத்தைக் காக்க 2024-இல் சட்ட ஆணையத்தின் 289-ஆவது அறிக்கை தனிச்சட்டம் பரிந்துரைத்திருக்கிறது, அதை இயற்றட்டும். பாண்டு என்றால் உண்மையான பயிற்சிச் செலவுக்கு மட்டும், வேலை செய்த மாதத்துக்கு மாதம் குறைந்துவரும்படி இருக்கட்டும். செல்லாத தடையை ஒப்பந்தத்தில் எழுதுவதையே கலிபோர்னியா 2024 முதல் சட்டவிரோதமாக்கியிருக்கிறது. 27-ஆவது பிரிவுக்கும் அந்தப் பல் வேண்டும்.