புதியா சிங் திரைப்படமும் மூதின் முல்லையும்

மறக்குடி மகளிரின் துணிவைக் கூறும் புறத்துறை மூதின் முல்லை எனப்படும். அத்துறையின் துணைகொண்டு இக்காலத் திரைப்படம் ஒன்றை ஆராய்தல் பொருந்துமோ என ஐயுறுவார் உளராகலாம். பொருந்தும் என்பதே எம் கருத்து. ‘புதியா சிங்: பார்ன் டு ரன்’ என்னும் இந்திப் படம் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்தது. சௌமேந்திர பாதி இயக்கிய இப்படத்தை நம் பக்கத்தில் கண்டவர் அரியர். எனினும் அது கூறும் நாடு நமக்கு இன்று அயல்நாடு அன்று. பென்னலூரில் நெடுஞ்சாலையோரத்துத் தேநீர்க்கடையில் ஒடியா மொழியைக் கேட்டல் வியப்பன்று. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்த ஒடிசா இளைஞர் பலர் நம் அயலாராகி வாழ்கின்றனர். அவர்தம் நாட்டில் நிகழ்ந்ததொரு கதையே இது.

கதை சுருங்கியது. புவனேசுவரத்துச் சேரி ஒன்றில் பிறந்த புதியா என்னும் சிறுவனை, வறுமை தாங்காத தாய் தெரு வணிகன் ஒருவனுக்கு 800 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டாள் என்பர். ஜூடோ பயிற்றுநராகிய பிரஞ்சி தாஸ் அவனை மீட்டு வளர்த்தார். தகாத சொல் கூறியதற்காக ஒருநாள் அவனை ஓடுமாறு ஒறுத்துவிட்டுச் சென்றவர், சில மணி நேரம் கழித்து மீண்டபோதும் அவன் ஓடிக்கொண்டே இருக்கக் கண்டார். அன்று தொடங்கியது மாரத்தான் பயிற்சி. 2006ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் பூரிக்கும் புவனேசுவரத்துக்கும் இடைப்பட்ட சாலையில், நான்கு வயதே நிரம்பிய அச்சிறுவன் 65 கிலோமீட்டர் தொலைவை 7 மணி 2 நிமிடத்தில் ஓடினான். மாரத்தான் ஓட்டத்தின் அளவு 42.195 கிலோமீட்டரே என்பதை நினைவிற்கொள்க. அதன்பின் அரசின் குழந்தைநலத் துறை அவனது நெடுந்தொலை ஓட்டத்தைத் தடுத்தது. சிறுவனைத் துன்புறுத்தினார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் பிரஞ்சி தாஸ் 2007இல் கைதானார். குற்றத்தை அவர் மறுத்தார். 2008 ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறுவன் அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்தான்.

இந்நிகழ்ச்சியைக் காண்பார்க்குத் தோன்றும் மெய்ப்பாடு யாது? விளையாட்டைப் பொருளாகக் கொண்ட படங்கள் பெரும்பாலும் பெருமிதத்தையே நாடுவன. இப்படமும் அதனையே நாடுகின்றது. ஆயின் சாலையோரத்தில் திரண்ட மக்களின் முகத்தில் தோன்றுவது பெருமிதம் அன்று, மருட்கை. மருட்கையின் நிலைக்களன்களுள் சிறுமையையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்துள்ளார். கடுகினுள் பல துளைகள் அமைந்திருத்தலை உரைகாரர் இதற்கு எடுத்துக்காட்டுவர். அளவிற் சிறியதொன்று அளவிறந்த செயலைச் செய்யக் காணும்போது உள்ளம் மருளுகின்றது. அன்றியும், அறிவு நிரம்பாத நிலையே மருட்கை என்னும் குறிப்பும் அந்நூற்பாவில் உண்டு. நான்கு வயதுக் குழவி ஏழு மணி நேரம் மே மாத வெயிலில் ஓடலாமா என்று வினவுவது அறிவின் தொழில். வியந்து நிற்கும் கூட்டம் அதனை வினவுவதில்லை.

பெருமிதமோ தன் செயலைத் தான் அறிந்து செய்வானிடத்து நிகழ்வது. தறுகண்மையும் புகழும் அதன் நிலைக்களன்கள். நான்கு வயதினன் புகழை அறியான். அச்சத்தை வென்றான் என்று கூறவும் இயலாது. ஆகவே, படத்தில் எழும் பெருமிதம் ஓடியவனுடையது அன்று, ஓட்டியவருடையது என்பது பெறப்படும்.

இங்கேதான் ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாட்டு நினைவுக்கு வருகின்றது. புறநானூற்றின் 279ஆம் பாட்டில் வரும் தாய் நேற்றைய போரில் கணவனை இழந்தவள். இன்று போர்ப்பறை கேட்டதும், ஒரே மகனாகிய இளஞ்சிறுவனின் குடுமியில் எண்ணெய் பூசி, வெள்ளாடை உடுத்து, கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு விடுக்கின்றாள். இப்பாட்டைக் கற்பிக்கும் நாம் தாயின் வீரத்தைப் பாராட்டி அமைந்துவிடுகின்றோம். மகன் என் நினைந்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை. பாட்டிலும் அவன் வாய்திறக்கவில்லை. ஆயினும் புலவர் அப்பாட்டைத் தாயின் கூற்றாக அமைத்திலர். அருகில் நின்று காண்பவர் கூற்றாக அமைத்தார். காண்பவரின் முதற்சொல்லே அவள் எண்ணம் கெட்டொழியட்டும் என்பதுதான். வசையா வியப்பா என்று பிரித்தறிய இயலாத அச்சொல்லில் நடுக்கம் இருக்கின்றது. அந்நடுக்கம் இன்றேல் அது வெறும் போர்முரசு ஆகியிருக்கும்.

திரைப்படத்தில் இல்லாதது அக்காண்பவரின் குரலே. பிரஞ்சி தாஸாக வரும் மனோஜ் பாஜ்பாயின் நடிப்பு உயர்ந்தது. கடுமையும் கனிவும் ஒரே முகத்தில் மாறிமாறி வருதலை அவரிடம் காணலாம். படத்தின் மெய்யான தலைவர் அவரே. சிறுவனாக நடித்த மயூர் பாட்டோலே கண்ணுக்கு இனியன். எனினும் அவன் உள்ளத்தினுள் படம் நெடுநேரம் தங்குவதில்லை. பயிற்றுநரை எதிர்க்கும் அரசு அலுவலரோ அரசியல் நோக்குடைய பகைவராகவே பெரிதும் காட்டப்படுகின்றனர். அவர்கள் எழுப்பும் வினா நேரியது. அவ்வினாவை ஐயத்துக்குரியார் வாயில் வைத்தமையால் அதன் வலிமை குன்றிவிடுகின்றது. இதுவே படத்தின் பெருங்குறை என்பது எம் துணிபு. 2015ஆம் ஆண்டுக்குரிய சிறந்த சிறுவர் படம் என்னும் தேசிய விருது இதற்குக் கிடைத்தது. முதியவர் ஒருவரின் ஆசையைப் பொருளாகக் கொண்ட படம் சிறுவர் படமாக மதிக்கப்பட்டமை எண்ணத்தக்கது.

பயிற்றுநரை வன்னெஞ்சர் என்று ஒதுக்குதலும் எளிதன்று. விற்கப்பட்ட பிள்ளைக்கு உணவும் உறைவிடமும் தந்தவர் அவரே. தடுத்த அரசு அதற்குமுன் அப்பிள்ளையை அறியாது. ஓடாவிடின் அவன் பெயரை நாம் கேட்டிருக்கமாட்டோம் என்று வாதிடுவார்க்கு விடை கூறுதல் அரிது. வறுமை பிறப்பிக்கும் அழுகைச் சுவையை முற்பகுதியில் இயக்குநர் மிகையின்றி அமைத்துள்ளார். இதனைப் பாராட்டுதல் கடன்.

பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாற்றையும் ஈண்டு ஒப்புநோக்கலாம். அங்கும் பெரியோரின் உறுதிக்குப் பிள்ளை ஒருவன் பொருளாகின்றான். ஆனால் இறுதியில் அழைத்தவுடன், பள்ளியிலிருந்து ஓடிவரும் பிள்ளையைப் போலச் சீராளன் ஓடிவருகின்றான். தந்தையின் அன்பு எத்துணைப் பெரிதாயினும், பிள்ளை மீளாமல் அப்புராணத்தை முடிக்கச் சேக்கிழார் ஒருப்படவில்லை. மீட்டுத்தரும் இறைவன் இல்லாத கதையை எடுத்துக்கொண்ட இக்காலக் கலைஞர்க்குப் பொறுப்பு மிகுதி.

அப்பொறுப்பை ஓரளவு நிறைவேற்றிய படம் மற்றொன்று உண்டு. ஜெம்மா அட்வால் 2010இல் அளித்த ‘மாரத்தான் பாய்’ என்னும் ஆவணப்படமே அது. பயிற்றுநர் உயிரோடிருந்த நாளிலிருந்து அவர் மறைந்த பின்னரும், ஆண்டுக்கணக்கில் உடனிருந்து எடுக்கப்பட்டது. அதில் எவர் சொல்லும் இறுதிச் சொல்லாக நிற்பதில்லை. பயிற்றுநர், தாய், அலுவலர் ஆகிய மூவரையும் நம்பவும் ஐயுறவும் நேர்கின்றது. ஓட்டத்தின் இறுதியில் தளர்ந்து துவளும் சிறு உடலைக் காணும்போது மருட்கை அச்சமாக மாறுகின்றது. மாசாத்தியார் பாட்டில் அருகில் நிற்பவரின் இடம் இங்குப் படக்கருவிக்கு உரியதாகின்றது. நடித்த படத்தைவிட நடவாத படமே புறப்பாட்டுக்கு அணுக்கமானது என்று யாம் கூறுவது இதனால்தான்.

பெயரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். விருது பெற்றபோது பாதியின் படத்துக்குத் ‘துரந்தோ’ என்பது பெயர். விரைவுத் தொடர்வண்டியின் பெயராக நாம் கேட்டறிந்த அச்சொல், கிழக்கிந்திய மொழிகளில் அடங்காது துள்ளும் பிள்ளையைச் சுட்டவும் வழங்குவது. ஓடப் பிறந்தவன் என்னும் பொருள்பட அமைந்த பின்னைப் பெயரோ பிறப்பையே கடமையாக்கி, ஓடவிட்டவரை மறைத்துவிடுகின்றது. முன்னைப் பெயரே எமக்கு உவப்பானது. அதில் சிறுவன் இருக்கின்றான்.