ஆறாம் சுருளின் அழகு

இன்ஹேலரை உறிஞ்சினால் சில நிமிடங்களில் மூச்சு இளகும். ஆஸ்துமாக்காரர்கள் எல்லாருக்கும் பழகிய சுகம் அது, எனக்கும்தான். ஆனால் அதிலுள்ள சால்பூட்டமால் என்ற மருந்து போய் உட்காரும் புரதத்தைக் கணினித் திரையில் முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததிலிருந்து எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதாக வீட்டில் பேச்சு. பேசட்டும்!

பீட்டா-2 அட்ரினலின் ஏற்பி. 413 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. துணியில் ஊசி போய் வருவதுபோல் அது செல்சவ்வை ஏழு முறை ஊடுருவுகிறது. ஊடுருவும் ஏழு துண்டுகளும் சுருள்கள். வெளிப்பக்கமாக அவற்றின் நடுவே ஒரு குழி. அட்ரினலினோ, அதைப்போல் நடிக்கும் சால்பூட்டமாலோ வந்து அதில் இறங்கியதும் மூன்றாம் சுருளிலுள்ள ஆஸ்பார்டிக் அமிலம் அதன் நைட்ரஜனைப் பற்றிக்கொள்கிறது. ஐந்தாம் சுருளின் செரீன்கள் மறுமுனையைப் பிடித்து இழுக்கின்றன.

கூத்தே இனிமேல்தான். மேலே ஐந்தாம் சுருள் உள்நோக்கி நகர்வது ஏறக்குறைய 2 ஆங்ஸ்ட்ராம். கீழே, செல்லுக்குள், ஆறாம் சுருளின் நுனியோ 14 ஆங்ஸ்ட்ராம் வெளியே விலகுகிறது! வந்த மூலக்கூறு சவ்வைத் தாண்டவே இல்லை, செய்தி மட்டும் தாண்டிவிட்டது. திறந்த இடுக்கில், செல்லுக்குள் செய்தியை வாங்கிக் கடத்தும் ஜி-புரதம் தன் வாலை நுழைக்கிறது, விழித்துக்கொள்கிறது. உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு பெருகுகிறது. மூச்சுக்குழல் தசை தளர்கிறது. பாடநூல்களில் இந்த ஏற்பியை ஒரு வளைந்த கோடாகப் போட்டுவிட்டுப் போகிறார்களே, அநியாயம்!

2007இல் பிரையன் கோபில்கா குழுவினர் இதன் முதல் படிக அமைப்பை வெளியிட்டார்கள். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது 2011இல் வந்தது: ஏற்பியும் ஜி-புரதமும் கைகோத்த நிலை. பிரிந்துவிடத் துடிக்கும் அந்த ஜோடியை, லாமா என்ற தென்னமெரிக்க விலங்கிடமிருந்து பெற்ற குட்டி எதிர்ப்பொருளைக் கொண்டு பிடித்து நிறுத்தினார்கள். என்ன துணிச்சல்! மறு ஆண்டே கோபில்காவுக்கும் அவருடைய ஆசான் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் வேதியியல் நோபல்.

ஜி-புரதத்தோடு கைகோக்கும் இந்த ஏற்பிக் குடும்பத்தில் மனிதருக்கு 800 ஏற்பிகளுக்கு மேல் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இவற்றின்மீதுதான் வேலை செய்கிறது.

புரதத் தரவு வங்கியின் இணையதளம் எல்லாருக்கும் இலவசம். அந்த 2011 அமைப்பின் குறியீடான 3SN6 என்று தேடுங்கள், சுட்டியால் சுழற்றுங்கள். கூடவே தர அறிக்கையையும் திறந்து பாருங்கள்: சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963இல் தந்த, புரதச் சங்கிலி எப்படியெல்லாம் வளையலாம் என்று காட்டும் வரைபடத்தை வைத்துத்தான் இந்த அமைப்பையும் சரிபார்த்திருக்கிறார்கள்.