வியப்பும் விளக்கமும்

மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிய பின், இஸ்தோப்பில் கூடும் இளைஞர்களின் பேச்சைக் கேட்டவர்கள் அறிவர்: மலைநாட்டுத் தோட்டத்து மக்களுக்கு உலக விஷயங்களில் உள்ள ஆர்வம் சிறிதன்று. ஒருவர் கைத்தொலைபேசியில் கண்டதை வாசிப்பார், ஏனையோர் கேட்பர். எங்கோ பாலைவனத்தில் பெய்த மழை, எங்கோ ஒரு மன்னரின் முடிசூட்டு விழா, எங்கோ ஒரு யுத்தம், ஆழ்கடலில் அகப்பட்ட அபூர்வ மீன் என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்து போகின்றன. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் ஆசிரியர் சிலர் இதைக் கண்டு சலித்துக்கொள்கின்றனர். நாம் சலித்துக்கொள்ளவில்லை. வியப்பு அறிவின் வாசற்படி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வாசற்படியிலேயே ஒரு சமுதாயத்தை உட்கார வைத்துவிடும் வாசிப்பைக் குறித்து வாய்மூடி இருப்பதும் நமக்கு அழகாகாது.

தோட்டத்துக்குள் அச்செழுத்து நுழைந்த வரலாற்றை முதலில் நினைவுகூர வேண்டும். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், துணி வியாபாரியின் வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தவர். அந்நியர் உள்ளே வருவதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ எனத் தொடங்கிய அவருடைய பத்திரிகைப் பணியில் துணைவியார் மீனாட்சியம்மாள் தோள்கொடுத்து நின்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் விஷயத்தை உணரும்படி அதைப் பாட்டாக்கிப் பாடினார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தையும் ஐயர் நிறுவினார். சாரல்நாடன் எழுதி 1988இல் வெளிவந்த ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்னும் நூல் இவ்வரலாற்றைப் பேணித் தந்திருக்கிறது. இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று: பத்திரிகையும் பாட்டும் சங்கமும் ஒரே காரியத்தின் மூன்று அங்கங்களாக இருந்தன. ஒன்றை அறிந்தவுடன், ‘இனி நாம் செய்ய வேண்டியது யாது?’ என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

இன்றைய துணுக்கு வாசிப்பில் அந்தக் கேள்வி எழுவதில்லை. ஓர் உதாரணம் பார்ப்போம். ‘ஒரு சிறு பூஞ்சணம் இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்தது, அதனால்தான் உலகம் சிலோன் தேநீரைக் குடித்தது’ என்பது சுவையான துணுக்கு. அது பொய்யுமன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் காப்பி இலைகளில் நோய் தென்பட்டது. காப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. இவ்வளவோடு துணுக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் காட்டை வெட்டியது எவர் கை? தமிழகத்திலிருந்து நடந்தும் கடல் கடந்தும் வந்தவர்களில் எத்தனை பேர் வழியிலேயே மாண்டனர்? காப்பி வீழ்ந்தபோது முதலாளி தேயிலைக்கு மாறினார்; கூலி எங்கே போனான்? துணுக்கு இவற்றைக் கேட்பதில்லை. பூஞ்சணத்துக்குக் கிடைத்த இடம் மனிதனுக்குக் கிடைப்பதில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. பிறரை வேடிக்கையாக வாசிக்கும் நாமே பிறருடைய ஏட்டில் வேடிக்கைப் பொருளாக இருக்கிறோம். தேயிலைப் பொட்டலத்தின் மேல் கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணின் படம் உலகமெங்கும் போகிறது. நுவரெலியாவை ‘குட்டி இங்கிலாந்து’ என்று வர்ணிக்கும் பிரயாணக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அந்தப் பெண்ணின் பாட்டனாரிடமிருந்து 1948இல் குடியுரிமையும் 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்ட கதை பொட்டலத்தில் இல்லை. 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்டபோது, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று மனிதர்கள் எண்ணிப் பங்கிடப்பட்டனர். உலகத்துக்கு அது ஒரு நாள் செய்தி. லயத்துக்கோ, ஒரே காம்பராவில் வாழ்ந்த அண்ணனும் தம்பியும் இரு நாட்டினராகிய செய்தி. நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. இப்படி உலகச் செய்தியாகித் தேய்ந்துபோன ஒரு மக்கள் கூட்டம், பிறர் துயரத்தை வெறும் செய்தியாக வாசிக்கலாமா?

முற்போக்கு ஏடுகளும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. தூரதேசத்துச் சாதனைகளையும் புள்ளிவிவரங்களையும் அள்ளிக் கொடுத்த நாம், அவற்றைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தோடு பொருத்திக் காட்டப் பல சமயம் மறந்தோம். நமது துணுக்குகள் சிவப்பு மையில் அச்சானவை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பொருத்திக் காட்டும் வாசிப்புக்கு வழி இருக்கிறது. முல்க்ராஜ் ஆனந்த் அசாம் தேயிலைத் தோட்டத்தைக் களமாக்கி 1937இல் ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ என்ற நாவலை எழுதினார். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969இல் எழுதிய ஆங்கில நாவல், இரா. முருகவேளின் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ ஆயிற்று. ஹட்டன் மாணவன் ஒருவன் இவற்றைப் படித்தால், அசாமிலும் ஆனைமலையிலும் தன் பாட்டியையே காண்பான். ஆள்கட்டும் முறையும் கடனும் அட்டைக்கடியும் தன் மலைக்கு மட்டும் நேர்ந்த விதியல்ல, உலகமெங்கும் தேயிலை வளர்ந்த முறையே அது என்பதை அறிவான். விதி என்று நினைத்தது வரலாறாக விளங்கும் அந்தக் கணத்தில் அவனுக்கு உண்டாகும் வியப்பு, ஆழ்கடல் மீன் தரும் வியப்பினும் பெரிது.

ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நாம் சொல்வது இதுவே. இஸ்தோப்பின் வாசிப்பை நிறுத்தாதீர்கள். அங்கே போய் உட்காருங்கள். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும், இது எதனால் நேர்ந்தது, இதில் உழைத்தவர் யார், இழந்தவர் யார், நமக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேளுங்கள். விடை உடனே கிடைக்காமற் போகலாம். கேட்கும் பழக்கம் வேரூன்றட்டும். துணி மூட்டைக்குள் மறைத்துக் கொண்டுவர வேண்டியிருந்த உலகம் இன்று உள்ளங்கையில் இருக்கிறது. அதை வேடிக்கை பார்த்துக் கழிப்பதா, அதில் நமக்குரிய இடத்தைக் கேட்பதா என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.