காரைக்கால் அம்மையாரின் சுடுகாட்டுத் தாவரங்கள்: பாலை வாசிப்பு ஒரு மறுபரிசீலனை

காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன. அவற்றின் களமாகிய சுடுகாட்டைப் பாலைத்திணையின் தொடர்ச்சியாகக் காணும் வாசிப்பு ஒன்று உண்டு. தீயும் பிணமும் பேயும் நிறைந்த அவ்வெளி பாலையை நினைவூட்டுவது இயல்பே. காற்றில் நெற்று ஒலிக்கும் வாகை குறுந்தொகையின் 7ஆம் பாடலிலும் வருவதால் இவ்வாசிப்புக்கு இலக்கியச் சான்றும் இருக்கிறது. ஆயினும் பதிகங்கள் சுட்டும் ஏனைய தாவரங்களையும் சேர்த்து நோக்கினால் பாலை என்னும் விளக்கம் மட்டும் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் விளக்குகிறது. அவ்விளக்கப்படி பாலை என்பது ஒரு நிலை. மழை பெய்தால் நிலம் மீளும். பதிகங்களில் வரும் காரை, சூரை, ஈகை, எட்டி, கள்ளி ஆகியவை அத்தகைய திரிபின் அடையாளங்களாகத் தோன்றவில்லை. காரையும் சூரையும் முட்புதர்கள். கள்ளியின் பால் தோலையும் கண்ணையும் புண்படுத்தும். எட்டியின் விதையில் ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சு உள்ளது. கால்நடை மேயும் ஊர்ப்புறத்தில் முள்ளாலும் பாலாலும் நஞ்சாலும் தம்மைக் காத்து நிலைத்து நிற்பவை இவை. முதற்பதிகத்தில் பேய் கால்நீட்டி அமரும் அளவிற்குக் கள்ளி கவடுவிட்டிருக்கிறது. ஒரு கோடையில் தோன்றி மறையும் காட்சி அன்று இது. பல்லாண்டு வளர்ந்த புதர்க்காடு.

இப்பட்டியல் வெறும் இலக்கிய மரபு என்று மறுக்கலாம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையிலும் சூரை, கள்ளி, உழிஞ்சில் எனப்படும் வாகை ஆகியன சுடுகாட்டில் நிற்கின்றன. மரபு உண்டு என்பதை இது உறுதிசெய்கிறது. ஆனால் அச்சுடுகாடு காவிரி கடலோடு கலக்கும் புகாரைச் சார்ந்தது. நெல்வயல் சூழ்ந்த டெல்டாவிலேயே வறள்நிலத் தாவரங்கள் இடம்பெறுவதைப் பாலை வாசிப்பு விளக்குவதில்லை.

சூழலியல் இதற்கு ஒரு விடை தருகிறது. வறட்சியை மழையளவு மட்டும் தீர்மானிப்பதில்லை; மண்ணுக்கும் பருவத்திற்கும் அதில் பங்குண்டு. சோழமண்டலக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அதன்பின் நீண்ட வறண்ட மாதங்கள் வருகின்றன. பழைய மணல்மேடுகளில் நீர் தங்குவதுமில்லை. காரைக்காலுக்குத் தெற்கே, அதே டெல்டாக் கரையில் உள்ள கோடியக்கரையின் மணல்மேடுகளில் உலர் பசுமைமாறாக் காடு இன்றும் நிற்கிறது. 1967இல் அது காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே அம்மையாரின் புதர்க்காட்டை அவர் ஊரைவிட்டு நெடுந்தொலைவு சென்று கண்ட அந்நிய நிலமாகக் கொள்ள வேண்டியதில்லை. காரைக்காலின் விளிம்பிலும் அவர் அறிந்திருக்கக்கூடிய நிலம் அது. வணிகர் மனையையும் மாங்கனியையும் முன்வைத்துத் தொடங்கி, கயிலை வழியாக ஆலங்காட்டில் முடியும் பெரியபுராணக் கதையமைப்பே ஊரையும் காட்டையும் நம் மனத்தில் வெகுதூரம் பிரித்துவைத்தது எனலாம். பதிகங்களோ அந்தக் கதையை எங்கும் சொல்வதில்லை.

இவ்வேறுபாடு இலக்கிய ஆய்வோடு நிற்பதன்று. இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பு அடர்ந்த புதர்நிலத்தையும் திறந்த புதர்நிலத்தையும் தரிசு வகைகளில் சேர்க்கிறது. சுடுகாட்டுப் புதரைப் பாழின் குறியீடாக மட்டும் படிக்கும் திறனாய்வு, அறியாமலே அந்த வகைப்பாட்டுக்குத் துணைபோகிறது. அம்மையார் அந்நிலத்தைப் பாழெனத் தள்ளவில்லை. மரமும் புதரும் பெயர்பெற்று நிற்க, ஆந்தையும் கூகையும் வாழ, அங்கேயே இறைவன் ஆடக் கண்டார். தாவரப் பெயர்களை அணியாகக் கருதிக் கடந்துவிடாமல் படிக்கும்போதுதான் அக்காட்சியின் முழுமை புலப்படும்.