‘ஸ்டே’ கிடைக்காத வேகப்பந்து

2013 மே 16 அதிகாலையில் மும்பையில் வைத்து ராஜஸ்தான் ராயல்ஸ் வேகப்பந்து வீச்சாளர் ஸ்ரீசாந்தை ஐபிஎல் சூதாட்டப் புகாரில் டெல்லி போலீஸ் கைது செய்தது. மறுநாள் லார்ட்ஸ் மைதானத்தில் நியூசிலாந்தின் பீட்டர் ஃபுல்டனை வீழ்த்தி, இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சன் தன் 300-வது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். ஆண்டர்சன் 1982 ஜூலையில் பிறந்தவர், ஸ்ரீசாந்த் 1983 பிப்ரவரியில். இருவருக்கும் அப்போது வயது 30. கைதைத் தொடர்ந்து ஸ்ரீசாந்துக்கு விழுந்த தடை ஒருவழியாக முடிந்தது 2020 செப்டம்பரில். அதற்கு மூன்று வாரம் முன்புதான் சவுத்தாம்ப்டனில் ஆண்டர்சன் 600-வது விக்கெட்டை எடுத்திருந்தார்.

தடை மட்டும் இல்லாவிட்டால் ஸ்ரீசாந்தும் 600-ஐத் தொட்டிருப்பார் என்று அவருடைய தீவிர ரசிகர்கூடச் சொல்லமாட்டார். இந்தியாவுக்காக அவர் கடைசியாக ஆடியது 2011 ஆகஸ்டில், ஓவல் டெஸ்ட்டில். கைதானபோது அவர் இந்திய அணியிலேயே இல்லை. தடை பறித்தது இந்தியத் தொப்பியை அல்ல, அதை மீட்டெடுக்கும் வாய்ப்பை. ஆனாலும் ஒரு வேகப்பந்து வீச்சாளரின் 30 முதல் 37 வரையிலான ஆண்டுகளுக்குள் எவ்வளவு அடங்கும் என்று காட்ட ஆண்டர்சனின் கணக்கு போதும். ஸ்ரீசாந்தின் வழக்கை அலச வேண்டியதும் அங்கிருந்துதான்.

திருவண்ணாமலையிலிருந்து சேப்பாக்கம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். சிஎஸ்கே ஆட்டம் என்றால் டிக்கெட்டுக்கு அலைந்து, பஸ் பிடித்துப் போய், விடிவதற்குள் திரும்பிவரும் இளைஞர்கள் உள்ள ஊர். ஸ்ரீசாந்த் கைதான பிறகு முதல் ஒரு வாரம் இங்கே அந்தச் சூதாட்டப் புகார் ‘ராஜஸ்தான்காரன் பிரச்சினை’யாகத்தான் இருந்தது. மே 24 அன்று சிஎஸ்கே நிர்வாகத்தைச் சேர்ந்த குருநாத் மெய்யப்பன் கைதானார். பேச்சு மாறியது. இரண்டு நாள் கழித்து ஈடன் கார்டன்ஸ் இறுதிப்போட்டியில் மும்பையிடம் 23 ரன்னில் சிஎஸ்கே தோற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் கிரிக்கெட் ரசிகர்களுக்கு பவர்பிளே, யார்க்கரோடு முத்கல் குழு, லோதா குழு, சீலிட்ட உறை எல்லாம் சேர்ந்தே பழகின. நிலத் தகராறில் தாத்தா காலத்து வாய்தாவைப் பேரன் வாங்கிக்கொண்டிருக்கும் மாவட்டத்துக்கு நீதிமன்ற மொழி ஒன்றும் புதிதல்ல. கிரிக்கெட்டுக்குள் அது வந்ததுதான் புதிது.

ஸ்ரீசாந்த் மீதான குற்றச்சாட்டு ஒரே ஒரு ஓவரைப் பற்றியது. 2013 மே 9, மொகாலி, பஞ்சாப் அணிக்கு எதிராக அவர் வீசிய இரண்டாவது ஓவர். 14 ரன் விட்டுக்கொடுக்கப் பேச்சு, இடுப்பில் துண்டைச் சொருகுவது அடையாளம், கூலி 40 லட்சம் என்றது போலீஸ். போனது 13 ரன். அந்த ஒரு ரன் வித்தியாசத்தை வைத்து ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். செப்டம்பர் 13 அன்று பிசிசிஐ ஆயுள் தடை விதித்தது.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு தீர்ப்பையும் ‘ஜெயிச்சாரா, தோத்தாரா’ என்றே ரசிகர்கள் பார்த்தார்கள். நீதிமன்றங்களோ அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்வியை எடுத்துக்கொண்டது.

2015 ஜூலை 25 அன்று டெல்லி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம் ஸ்ரீசாந்த் உட்பட 36 பேரையும் விடுவித்தது. அவர் கண்கலங்கினார், கேரளம் கொண்டாடியது. ஆனால் அது விசாரணை நடந்து, சாட்சிகளைக் கேட்டு, நிரபராதி என்று எழுதிய தீர்ப்பல்ல. அமைப்புசார் குற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கை நடத்த முகாந்திரமே இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிய உத்தரவு. பிசிசிஐ அசையவில்லை. குற்றவியல் வழக்கு வேறு, வாரியத்தின் ஊழல் தடுப்பு விதி வேறு என்றது. சட்டப்படி அந்த வாதத்தில் பிழை கிடையாது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பத் தேவைப்படும் அளவு ஆதாரம், ஒருவரை மைதானத்துக்கு வெளியே நிறுத்தத் தேவையில்லை.

அடுத்த களம் கேரள உயர் நீதிமன்றம். 2017 ஆகஸ்ட் 7 அன்று தனி நீதிபதி தடையை ரத்து செய்தார். பிசிசிஐ மேல்முறையீடு போனது. அக்டோபர் 17 அன்று இரு நீதிபதிகள் அமர்வு தடையை மீண்டும் உயிர்ப்பித்தது. இடையில் இருந்த பத்து வாரம், தடை இல்லாத ஆட்டக்காரராக அவர் காகிதத்தில் வாழ்ந்த காலம். அதில் ஒரு பந்துகூட அவர் வீசவில்லை.

கடைசியில் 2019 மார்ச் 15. நீதிபதிகள் அசோக் பூஷண், கே.எம். ஜோசப் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு ஆயுள் தடையை நீக்கியது. அன்றைய தலைப்புச் செய்தி அதோடு நின்றுவிட்டது. தீர்ப்பின் உள்ளே இருந்தது வேறு. அவர் விதியை மீறினார் என்ற ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முடிவில் நீதிமன்றம் கைவைக்கவில்லை. தண்டனையைக் கூட்டவும் குறைக்கவும் உரிய காரணங்களைக் குழு எடைபோடாமலே உச்சபட்ச தண்டனையைக் கொடுத்துவிட்டது, அதை மட்டும் மூன்று மாதத்துக்குள் மறுபடி யோசியுங்கள் என்றது. வாரியத்தின் குறைதீர்ப்பாளர் டி.கே. ஜெயின் அந்த ஆகஸ்டில் தடையை ஏழு ஆண்டாகக் குறைத்தார். அதில் ஆறு ஆண்டு ஏற்கெனவே ஓடிப்போயிருந்தது.

ஆக, ஸ்ரீசாந்த் ‘ஜெயித்த’ வழக்கில் கிடைத்தது என்ன? இன்னும் ஓராண்டு காத்திருப்பு.

அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த இன்னொரு தடை வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். 2015 ஜனவரியில் ஒரு முக்கிய ஆட்டத்தில் பந்துகளின் காற்றழுத்தம் குறைக்கப்பட்டது என்ற புகாரில், அமெரிக்கக் கால்பந்தின் உச்ச நட்சத்திரம் டாம் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை. அவரும் நீதிமன்றம் போனார். அவருடைய பாஸ்டன் ரசிகர்கள் காற்றழுத்த இயற்பியலைக் கரைத்துக் குடித்தார்கள். நீதிமன்றமோ பந்தைத் தொடவே இல்லை. வீரர் சங்கத்துடன் போட்ட ஒப்பந்தப்படி லீக் ஆணையருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதுதான் வழக்கு. செப்டம்பரில் கீழ் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2–1 என்ற கணக்கில் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பிரேடி தோற்றார். ஆனால் இடைப்பட்ட 2015 சீசன் முழுக்க ஆடி முடித்திருந்தார். 2016-ல் நான்கு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். 2017 பிப்ரவரியில் 28–3 என்று பின்தங்கிய நிலையிலிருந்து 34–28 என்று சூப்பர் பவுலை வென்றார்.

வழக்கில் தோற்ற பிரேடி கோப்பையைத் தூக்கினார். வழக்கில் வென்ற ஸ்ரீசாந்துக்கு 2021 ஐபிஎல் ஏலப் பட்டியலில் இடமில்லை. வித்தியாசம் திறமையிலோ நியாயத்திலோ இல்லை. வழக்கு நடக்கும்போது ஒருவர் ஆடினார், இன்னொருவர் ஆடவில்லை. ‘ஸ்டே’ என்று நம் ஊரில் சொல்லும் அந்த இடைக்காலப் பாதுகாப்புதான் தடை வழக்கில் முதல் விக்கெட். அதை எடுக்காத வீரர் கடைசியில் எவ்வளவு நல்ல தீர்ப்பு வாங்கினாலும், அது அவர் வயதைக் குறைத்துத் தருவதில்லை.

வழக்கே போடாமல் லாபம் பார்த்தவரும் உண்டு. 2018 மார்ச்சில் கேப்டவுனில் பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்கு ஓராண்டுத் தடை. தண்டனை அதிகம் என்று பல பேர் சொன்னார்கள். அவர் மேல்முறையீடு செய்யாமல் ஏற்றுக்கொண்டார். 2019 ஆஷஸில் நான்கே டெஸ்ட்டில் 774 ரன். மேல்முறையீட்டிலேயே ஓராண்டு போயிருக்கும் என்று அவருடைய ஆலோசகர்கள் கணக்குப் போட்டிருந்தால் அதில் வியப்பில்லை. ஆயுள் தடை வாங்கியவருக்கு அந்த வழி கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்ரீசாந்துக்குக் காத்திருந்து பெற எதுவும் இருக்கவில்லை, அதனால் போராடினார்.

திரும்பி வந்த ஸ்ரீசாந்தின் ஆட்டம் எப்படி? 2021 ஜனவரியில் வாங்கடேயில், சையது முஷ்டாக் அலி கோப்பையில் புதுச்சேரிக்கு எதிராக இறங்கியபோது அவருக்கு 38 நெருங்கியிருந்தது. மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்து, தையலை நேராக நிறுத்தி வீசும் அந்தப் பழைய விடுவிப்பு அப்படியே இருந்தது. பந்தை விட்ட பிறகு பேட்ஸ்மேனை முறைப்பதும் இருந்தது. போயிருந்தது வேகம். 2006 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் 40 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து தென்னாப்பிரிக்காவை 84-க்குச் சுருட்டியவர் அவர். இந்தியா அந்த மண்ணில் வென்ற முதல் டெஸ்ட் அது. அன்று அந்தத் தையலுக்குப் பின்னால் வேகமும் இருந்தது. பிப்ரவரியில் விஜய் ஹசாரே கோப்பையில் உத்தரப் பிரதேசத்துக்கு எதிராக 65 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து ஒரு நாள் பழைய ஸ்ரீசாந்தாக இருந்தார். அந்த மாதமே நடந்த ஐபிஎல் ஏலத்தின் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. 2022 மார்ச் 9 அன்று ஓய்வு அறிவித்தார். 27 டெஸ்ட், 87 விக்கெட்.

இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத ஒரு பயனாளி அங்கீத் சவான். அதே நாளில் கைதாகி, அதே நாளில் ஆயுள் தடை வாங்கிய இடதுகை சுழற்பந்து வீச்சாளர். ஸ்ரீசாந்த் உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்கிய அளவுகோலைக் காட்டி, அவரும் பின்னர் ஏழு ஆண்டாகக் குறைப்பு வாங்கினார்.

முன்னோடிகளும் ஆறுதல் தருபவர்கள் அல்ல. அசாருதீன் மீதான ஆயுள் தடை 2000 டிசம்பரில் வந்தது. அது செல்லாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது 2012 நவம்பரில். அவருக்கு 49 வயது ஆகியிருந்தது. 99 டெஸ்ட்டில் நின்ற கணக்கு அப்படியே நின்றது. அஜய் ஜடேஜாவின் ஐந்தாண்டுத் தடை 2003-லேயே நீங்கியது, அப்போது அவருக்கு 32 ஆகவில்லை. உள்ளூரில் ஆடினார், இந்தியாவுக்கு மறுபடி ஆடவே இல்லை.

தனி மனிதருக்கு இப்படி. அணிக்கோ கதை வேறு. 2015 ஜூலை 14 அன்று லோதா குழு சிஎஸ்கேவையும் ராஜஸ்தானையும் இரண்டு ஆண்டு ஒதுக்கிவைத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் இரண்டு சீசனும் முழுதாகக் கழிந்தன. 2018-ல் திரும்பிய சிஎஸ்கேவின் சேப்பாக்கம் ஆட்டங்கள் காவிரிப் போராட்டத்தால் புனேவுக்கு மாறியபோது, சென்னையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்கள் ஒரு தனி ரயிலில் போனார்கள். ஏப்ரல் 20 அன்று அவர்கள் பார்த்த ஆட்டத்தில் எதிரணி அதே ராஜஸ்தான். ஷேன் வாட்சன் 106, சிஎஸ்கே 64 ரன்னில் வெற்றி. மே 27 இறுதிப்போட்டியில் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117, கோப்பை கைக்கு வந்தது. 36 வயது வாட்சன் தடைக்காலத்தில் வேறு அணிகளின் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தவர். அணியைத் தடை செய்தால் ஆட்டக்காரர்கள் வேறு அணிக்குப் போவார்கள். ஆட்டக்காரரைத் தடை செய்தால் அவர் போக இடமில்லை. ஸ்காட்லாந்தில் லீக் ஆடவாவது தடையின்மைச் சான்று கொடுங்கள் என்று கேட்ட ஸ்ரீசாந்துக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அந்த ரயிலில் ஏறிய ஆர்வத்தில் ஒரு துளி தடகளத்துக்கும் போயிருக்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்று சொல்லி அதைப் பறித்தார்கள். எட்டு ஆண்டு கழித்து ஒடிசாவின் டூட்டி சந்துக்கு, டெஸ்டோஸ்டீரோன் அளவைக் காரணம் காட்டி, அதே போன்ற கதவடைப்பு நேர்ந்தது. இம்முறை ஆய்வாளர் ஒருவர் துணை நின்றார், கனடா வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள், சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் 2015 மார்ச்சில் நான்கு நாள் விசாரணை நடந்தது. ஜூலை 24 அன்று அந்த விதியையே மன்றம் இரண்டு ஆண்டுக்கு நிறுத்திவைத்தது. டூட்டிக்கு வயது 19. மறு ஆண்டு ரியோவில், பி.டி. உஷாவுக்குப் பிறகு 36 ஆண்டு கழித்து, ஒலிம்பிக் 100 மீட்டரில் ஓடிய இந்தியப் பெண் ஆனார்.

சாந்திக்குத் தோஹாவில் வயது 25. ஊர் திரும்பியவருக்குத் தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. இந்திய விளையாட்டு அமைப்புகள் அவர் சார்பில் லோசான் பக்கம் போகவில்லை.